வண்டியின் வலது பக்கம்

தம்பிக்கு,

நாளை மறுநாள் மாசக் கடைசி. அன்றைக்குக் கம்பெனியில் பேப்பர் போட்டுவிடுவேன், அடுத்த மாசம் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுவேன் என்று போன வெள்ளிக்கிழமை போனில் சொன்னாய். அதற்குள் இது உன் கண்ணில் பட்டாக வேண்டும். அதனால் பீரோவில் கிடந்த உன் பழைய பள்ளிக்கூட நோட்டில், நீ எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஆறு நாளாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். நீ 'அப்பா' என்றதும் என் வாய் தானாகவே 'எல்லாம் நல்லா இருக்குப்பா' என்று ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு வருஷமாக அதற்கு அப்படிப் பழகிவிட்டது. கைக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை என்று நம்பி, கையிடம் வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதே. நம் வயல் போய்விட்டது. விற்கவில்லை, யாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை, அதே இடத்தில்தான் கிடக்கிறது. ஆனால் அதில் இனி நெல் வராது. உப்பு ஏறிவிட்டது. போன சம்பாவுக்கு நட்ட நாற்று இருபது நாளில் நுனி கருகி, கால்வாசிகூடத் தேறவில்லை. அதற்கு முந்தின வருஷமும் ஏறக்குறைய அதேதான். நீ உன் கம்பெனி ஆட்களுக்கெல்லாம் காட்டினேன் என்று சொன்னாயே, பச்சைப் பசேல் என்று ஒரு படம், அதில் அம்மா வரப்பில் நின்று சிரிப்பாளே, அது நம் வரப்பு இல்லை. பக்கத்து வயல்காரர் கோவிந்தராசுவின் வரப்பு. அம்மாவை அங்கே கூட்டிப்போய் நிறுத்திச் சிரிக்கச் சொன்னது நான். இதைப் படித்ததும் உனக்கு என் மேல் வருகிற கோபம் நியாயமானது. அதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு மிச்சத்தையும் படி.

எங்கே தொடங்கியது என்று யோசித்தால், வண்டியில்தான் என் புத்தி முதலில் பிடிபடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்று அந்த நீலக் காரை வாங்கி நிறுத்தினாய். கும்பகோணத்து டாக்டர் ஒருவர் ஏழு வருஷம் ஓட்டிய வண்டி. ஆனால் தலை சீவிக்கொள்ளலாம் போல முகம் தெரிந்தது அதில். நீ கிளம்புகிற அன்று, சூட்கேஸை வெளியே வைத்துவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். "அப்பா, நம்ம போர்வெல் தண்ணில இத கழுவாதீங்க, அது உப்புத் தண்ணி. மாசத்துக்கு ரெண்டு வாட்டி நாகப்பட்டினத்துல வாட்டர் வாஷ் விட்டா போதும். அப்புறம் வெயில்ல போடாதீங்க, புங்க மரத்தடியிலயே நிக்கட்டும்." நானும் 'சரிப்பா, சரிப்பா' என்றேன். உன் பஸ் மதகைத் தாண்டியிருக்காது, வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்துத் தெருப்பக்கம் நிறுத்திவிட்டேன்.

மரத்தடியில் காக்கா எச்சம் விழுகிறது என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். நிஜக் காரணம் அது இல்லை. மரத்தடியில் நின்றால் தெருவில் போகிறவர்கள் யாருக்கும் வண்டி தெரியாது. மகன் வாங்கிக் கொடுத்ததை ஊர் பார்க்க வேண்டாமா? வீட்டுச் சுவரை ஒட்டித் தெற்கே பார்த்து நிறுத்துவேன். இடது பக்கம் சுவர் நிழலில் இருக்கும். வலது பக்கமும் மேல்கூரையும் சாயங்காலம்வரை வெயிலை வாங்கும். தினம் காலையில் டீ குடித்ததும் போர்வெல் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஊற்றி, என் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். அறுவடைத் தூசியும் மண்ணும் படிந்த அதே துணிதான். வண்டிக்கு வைத்தியம் செய்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. உன்னைத் தொட்டுத் துடைக்கிற மாதிரியும் இருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. நீ பக்கத்தில் இருந்தபோது அந்த மாதிரி ஒரு நாளும் உன்னைத் தொட்டதில்லை.

அந்த வருஷக் கோடைக்குள் வலது பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்தது. தண்ணீர்ச் சொட்டு காய்ந்த இடமெல்லாம் உப்பு. துடைத்தால் போகவில்லை. அடுப்படியில் அம்மா விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளையில் இருந்த அதே மாதிரியான வெள்ளைக் கறை புளி பட்டதும் ஓடிப்போவதைப் பார்த்தேன். ஒரு உருண்டைப் புளியை எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற பவுடரையும் தொட்டுக்கொண்டு, கார் கதவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "குத்துவிளக்கா அது? கதவுல கோலமும் போட்டு, ரெண்டு திரியும் ஏத்திடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே தேய்த்தேன். கறை போனது. இரண்டு நாள் வண்டி புதுசு மாதிரி இருந்தது. அந்த இரண்டு நாளில்தான் உனக்கு நிறையப் படம் அனுப்பினேன். 'சூப்பர்ப்பா' என்று நீ போட்டிருந்தாய்.

மூன்றாவது நாள் வெயிலில் பார்த்தால் கதவில் மூடுபனி படிந்த மாதிரி ஒரு மங்கல். விடுவேனா? நாகப்பட்டினத்தில் கடையில் கேட்டு பாலிஷ் போடுகிற பசை ஒரு டப்பா வாங்கி வந்தேன். ஒரு பகல் முழுக்க மேல்கூரையையும் வலது கதவு இரண்டையும் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைத் துணியில் நீலம் நீலமாக வந்தது. அழுக்கு இவ்வளவு இருந்திருக்கிறதே என்று எனக்கு சந்தோஷம். அழுக்கு எங்கேயாவது நீலமாக இருக்குமா, தம்பி? அதைக்கூட யோசிக்கவில்லை. வந்தது வண்டியின் நிறம். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டாம், நிறத்தைக் காப்பது அதுதானாம். அதை நான் புளியாலும் பசையாலும் தேய்த்தே தீர்த்துவிட்டிருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் மேல்கூரையில் வெயில்பட்ட முதுகுத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. நகத்தால் சுரண்டினால் சருகு சருகாக வந்தது. நான் சுரண்டியும் பார்த்தேன். கை சும்மா இருக்காது எனக்கு, அதுதான் என் வியாதி.

இப்போது வயலுக்கு வருகிறேன். நீ ஐந்தாவது படித்தபோது கடல் தண்ணீர் ஏறி நம் வயலில் நின்றது உனக்கு நன்றாக நினைவிருக்கும். உன் பாப்பாவுக்குக்கூட அதைக் கதையாகச் சொல்லியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். தண்ணீர் வடிந்ததும் ஊரே தலையில் கை வைத்தது. நான் வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்தேன். ஜிப்சம் போட்டேன், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். தினம் காலையில் நீயும் நானும் ஆளுக்கு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். இரண்டாவது மழைக்குப் பிறகு ஒரு நாள் நீ துப்பாமல் நின்று, "அப்பா, கரிக்கலப்பா" என்றாய். அந்த வருஷம் நம் வயலில்தான் முதலில் கதிர் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு திமிர். எந்த உப்பையும் நான் கழுவிவிடுவேன் என்று. உனக்கும் அந்த நம்பிக்கையைத் தொற்ற வைத்துவிட்டேன். நீ இன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வரத் துணிவதற்கு அடியில் இருப்பது அந்தச் சிட்டிகை மண்தான். அது எனக்குத் தெரிவதால்தான் இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

நாம் இருப்பது கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டாலும் வழியெல்லாம் பிரிந்து பிரிந்து, நம்மிடம் வரும்போது வாய்க்காலின் அடிமண் நனைகிற அளவுக்குத்தான் வரும். நீ போன மறுவருஷம் அதுவும் வரவில்லை. குறுவை நாற்று நாற்றங்காலில் முற்றிக்கொண்டிருந்தது. கோவிந்தராசு, "இந்தப் போகம் தரிசா கெடக்கட்டும்ணே. மழ வந்ததும் சம்பா பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் அவரைக் கேலி செய்தேன். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் 'சோம்பேறிக்கு மழைதான் கங்காணி' என்றேன். போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கி, தண்ணீரை வயலுக்கு அடித்தேன். நீ போனில் "டெஸ்ட் பண்ணிட்டு ஊத்துங்கப்பா" என்றாய். 'மண்ணை நாக்குல வச்சுப் பாத்தவன்டா நான்' என்று உன்னிடம் பெருமை அடித்தேன். அந்தத் தண்ணீர் கரித்தது, தம்பி. முதல் நாளே கரித்தது. கொஞ்சம்தானே, மழை வந்து கழுவிவிடும் என்று இருந்துவிட்டேன். அந்தக் குறுவை ஓரளவு வந்ததும் திமிர் கூடிப்போய், அடுத்த போகத்துக்கும் அதையே இறைத்தேன்.

மழை வந்தது, கழுவியது, வடிந்தது. வெயில் அடித்ததும் மறுபடி வெள்ளை பூத்தது. வேளாண்மை ஆபீசர் ஒருவர் வந்து பார்த்தார், சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. "ஐயா, அன்னைக்கு உப்பு மேலேருந்து வந்துச்சு, கழுவினீங்க. இப்ப அடித் தண்ணியே உப்பா மாறிடுச்சு. நம்ம எடம் பள்ளம் வேற. ஒவ்வொரு கோடையிலயும் கீழேருந்து ஏறிக்கிட்டுதான் இருக்கும்" என்றார். பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டேன். இறால் குட்டை போடுகிறவர்கள் நிலத்தைக் கேட்பார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் நீ, "அப்பா, சம்பா எப்படி இருக்கு, போட்டோ அனுப்புங்க" என்று கேட்டாய். நான் போனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வரப்பில் அப்படியே திரும்பி கோவிந்தராசுவின் வயலை எடுத்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. உடம்பைத் திருப்பினால் போதும். கோவிந்தராசு மடையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எதற்கு எடுக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற டெல்டாவில் யாருக்குத்தான் புரியாது? "நல்லா எடுத்துக்குங்கண்ணே. படம் புடிச்சா நெல்லு தேஞ்சா போயிடும்" என்றார். என் கேலியை அவர் திருப்பித் தரவில்லை. தந்திருந்தால் தேவலை. அதன் பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் அம்மாவைக் கூட்டிப்போய் அவர் வரப்பில் நிறுத்துவேன். வண்டியைச் சுவரை விட்டு முன்னால் இழுத்து, நிழலில் இருந்த இடது பக்கத்தை மட்டும் எடுப்பேன். கழுவிய ஈரம் காய்வதற்குள் எடுத்துவிடுவேன். அம்மா உன்னோடு வீடியோ காலில் ஏன் அதிகம் பேசுவதில்லை என்று குறைப்பட்டாயே, அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன வெள்ளிக்கிழமை நீ பேசியபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "அப்பா, இனிமே நீங்க ஓய்வா இருங்க. நெலத்த நான் பாத்துக்கறேன். கவிதாவும் சரின்னுட்டா. நம்ம வயல் இவ்ளோ நல்லா இருக்கறப்ப நான் எதுக்குப்பா இங்க வெளிநாட்டுல ஏசி ரிப்பேர் பாத்துக்கிட்டு கெடக்கணும்?" என்றாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்து முளைத்ததைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள். பின்னால் பாப்பா, "தாத்தா, நான் ப்ளூ கார்ல முன்னாடி உக்காருவேன்" என்று கத்தினாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'வேண்டாம்ப்பா' என்று ஒரு வார்த்தை. நான் சொன்னது, "வாப்பா, வா. வண்டி ரெடியா இருக்கும்." போனை வைத்ததும், வயலை ஒன்றும் செய்ய முடியாது, வண்டியையாவது சரி பண்ணிவிடலாம் என்று தோன்றியது. மறுநாளே நாகூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வீடு எரியும்போது வாசலுக்கு வெள்ளை அடிக்கிற புத்தி.

தர்காவுக்குப் போகிற ரோட்டில் சாதிக் பாய் என்று ஒருவர் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஷார்ஜாவில் பல வருஷம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்தவர். மேல்கூரையில் விரலை வைத்துப் பார்த்தார், கதவை ஒரு ஓரமாகக் குனிந்து பார்த்தார். "யாருங்க இத பாலிஷ் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "எதால?" பசையைச் சொன்னேன், புளியையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கீறல் மேல இருந்தா பாலிஷ் போட்டு எடுத்துடலாங்க. இது கிளியரே விட்டுப்போச்சு. இனிமே தேய்க்கத் தேய்க்க போய்க்கிட்டேதான் இருக்கும்" என்றார். அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குத்தான் அவர்கள் கிளியர் என்கிறார்கள். ஆபீசர் வயலுக்குச் சொன்னதையே இவர் வண்டிக்குச் சொன்னது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. "அதெல்லாம் சரி பாய், மேல மட்டும் ஒரு கோட்டு கிளியர அடிச்சு விடுங்க. ஒரு பத்து நாள் பளபளன்னு இருந்தா போதும்" என்றேன்.

"விக்கப் போறீங்களா?"

"இல்ல பாய். மவன் வர்றான்."

அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "மவனுக்கா? இது விக்கிறவங்க கேக்கற வேலைண்ணே. வாங்கறவன் கண்ணுக்குப் பத்து நாள் தெரியக்கூடாதுன்னு கேப்பாங்க. நான் அவங்களுக்கே பண்றதில்ல" என்றார்.

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குப் புரிய வேண்டும் என்று, மங்கிப்போன கதவில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தார். கதவு அந்த இடத்தில் மட்டும் பளீரென்று மின்னியது, நீ வாங்கிய அன்றைக்கு இருந்த அதே நீலம். "பாத்தீங்களா? ஈரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியும். காஞ்சப்புறம்தான் நெஜம்." அவர் சொல்லி முடிப்பதற்குள் வெயிலில் அது காய்ந்து சாம்பல் பூத்தது. பிறகு மேல்கூரையின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துக் காட்டினார். "கிளியருக்கு மறைக்கத் தெரியாதுங்க. அடியில இருக்கறதத்தான் அது காட்டும். உரிஞ்சது மேல அடிச்சா, உரிஞ்சது இன்னும் பளிச்சுன்னு தெரியும், அப்புறம் அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டு உரியும். பண்ணினா முழுசா சொரண்டி எடுத்து, நெறத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும். பாதில ஒட்டுப்போட முடியாது" என்றார். பேச்சுவாக்கில் நீ வேலையை விட்டு வருவதைச் சொன்னேன். அவரும் திரும்பி வந்தவர்தானே என்று தைரியமாகக் கேட்டேன், வந்து நல்லாத்தானே இருக்கிறீர்கள் என்று. "என் பொழப்பு என் கையில இருந்துச்சு, தூக்கிக்கிட்டு வந்துட்டேன். உங்க மவனுக்கு எதுல இருக்கு?" என்றார். 'வயல்ல' என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு சாவியை எடுத்தேன்.

வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மேல்கூரையில் அவர் தேய்த்துக் காட்டிய உள்ளங்கை அளவுத் திட்டு அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "வரட்டுமே" என்றாள். "வந்து பாத்துக்கட்டும். நெலம் இல்லாட்டி என்ன, நாம இருக்கோம்ல."

"வந்து எத வச்சுப் பொழைக்கிறது? பாப்பாவ எங்க படிக்க வைக்கிறது?"

"எனக்குப் பாக்கணும்ங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரிமாறினாள், பேசவில்லை. அவள் கேட்டது தப்பு என்று என்னால் நினைக்க முடியவில்லை. எனக்கும் அதேதான் வேண்டும். நீ எந்தப் பொய்யை நம்பி வந்தாலும் சரி, வந்தால் போதும் என்று ஒரு மனசு இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மனசுக்குப் பயந்துதான் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன்.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நாளைக்கு அவள் வளர்ந்து, 'அப்பா, அதைத் தொடாதீங்க' என்று எதையாவது சொல்லுவாள். உனக்கு நல்லது செய்கிற மாதிரிதான் தோன்றும், கை பரபரக்கும். கையை எடுத்துவிடு. நான் கெடுத்ததெல்லாம் அக்கறையில்லாமல் கெடுத்ததில்லை. விடாமல் பார்த்துப் பார்த்துக் கெடுத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன், வண்டிக்கும் வயலுக்கும். கோவிந்தராசு ஒன்றும் செய்யாமல் ஒரு போகம் உட்கார்ந்திருந்தார், அவர் வயல் இருக்கிறது. எனக்கு உட்காரத் தெரியவில்லை. நீ சொன்னதைக் கேட்டிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் என் கையால் போயிருக்காது. இனி எனக்கும் அம்மாவுக்கும் என்ன வழி என்று கவலைப்படுவாய். ரேஷன் அரிசி இருக்கிறது, கொல்லையில் இரண்டு தென்னை இருக்கிறது, நீ அனுப்புவதும் இருக்கிறது. பிழைத்துக்கொள்வோம். நன்றாக இருப்போம் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்தது.

இன்று காலையில் அம்மா தானாக வந்து, "போன எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். வீட்டில் கட்டியிருந்த அதே நூல் புடவைதான், மாற்றிக்கொள்ளவில்லை. நேராக வண்டியின் வலது பக்கம் போய் நின்றாள். நான் வழக்கம்போல வாளியைத் தேடினேன். "கழுவாதீங்க, அப்படியே எடுங்க" என்றாள். எடுத்தேன். பிறகு எனக்கு முன்னால் வயலுக்கு நடந்தாள். கோவிந்தராசு வரப்பைத் தாண்டி, நம் வயலுக்குள் இறங்கி, வெள்ளை பூத்துக் கிடக்கிற நடு இடத்தில் போய் நின்றுகொண்டாள். காலுக்கடியில் அது நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மற்ற நாளில் 'இங்க பாரு, சிரி' என்பேன். இன்றைக்குப் போனை மட்டும் தூக்கிப் பிடித்தேன். அவளே போனை நேராகப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், நீ அதற்குள் இருக்கிற மாதிரி.

கடிதத்தை அனுப்பி, நீ படித்துவிட்டதாக நீல அடையாளம் வந்த பிறகு அந்த இரண்டு படத்தையும் அனுப்புவேன். பார்த்துவிட்டு நீ உடனே போன் பண்ண வேண்டாம். பண்ணினால் நான் மறுபடி 'ஒண்ணும் இல்லப்பா, பாத்துக்கலாம்' என்று ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் கழித்துப் பேசு. அம்மாவிடம் பேசு. இனி அவள் போனை வாங்கிக்கொள்வாள்.

திரும்பி வரும்போது அவள் ஒன்று சொன்னாள். பாப்பாவுக்கு இந்தப் படங்களைக் காட்ட வேண்டாமாம், அவளிடம் பழைய படமே இருக்கட்டுமாம். "அந்தப் பச்சை வயல்ல ஆத்தா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்னே அது நெனச்சுக்கட்டும். எப்படியும் அது இங்க வந்து பாக்கப் போறதில்ல" என்றாள். இனிமேல் ஒரு பொய்யும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது அம்மாவின் பொய், நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா